வண்டிவீடுகளும் பெயர்த்து வைத்த வீடுகளும்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் பயோனியர் பார்க் என்று 44 ஏக்கர் பூங்கா ஒன்றுண்டு. 1867இல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடமிருந்து அந்நிலத்தை வாங்கியதன் நூற்றாண்டுக்காக 1967இல் திறந்த கண்காட்சித் திடல் அது. நீண்டகாலம் அலாஸ்காலேண்ட் என்ற பெயரோடிருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் 'முன்னோடி' ஆயிற்று. கோடையில் ஆர்.வி. எனப்படும் வண்டிவீடுகளில் வருவோர் அதன் வாகன நிறுத்துமிடத்திலேயே சிறு கட்டணத்தில் இரவு தங்கலாம். இரவு என்பது பேச்சுக்குத்தான். ஜூன் பின்பாதியில் ஏறக்குறைய 22 மணி நேரம் வெயில்.

உள்ளே இருப்பவையும் ஒருவகையில் வண்டிவீடுகளே. பொன் தேடி வந்தோரின் மரக்குடில்களை நகரின் நடுவிலிருந்து பெயர்த்துவந்து தெருவாக்கியிருக்கிறார்கள். பல இன்று கடைகள். 1933இல் கட்டிய நெனானா என்னும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் தரையில் நிற்கிறது. 1923இல் ஜனாதிபதி ஹார்டிங் பயணம் செய்த ரயில் பெட்டியும் உண்டு. அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

நிற்க வேண்டிய இடம், 1904இல் ஜேம்ஸ் விக்கர்ஷாம் கட்டிய வீடு. நீதிபதியாக இருந்து, பின்பு அமெரிக்கக் காங்கிரசில் அலாஸ்காவின் பிரதிநிதியானவர். 1915 ஜூலையில் டனனா பள்ளத்தாக்கின் அதபாஸ்கன் தலைவர்கள் ஃபேர்பேங்க்ஸ் நூலகத்தில் அவரைச் சந்தித்தார்கள். ரயில்பாதை வரவிருந்தது, நிலம் பறிபோகும் அச்சம் அவர்களுக்கு. அவர் முன்வைத்த வழிகள் இரண்டு: ஆளுக்கு 160 ஏக்கர் பட்டா, அல்லது ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் குடியிருப்பு. கோடையில் மீன்பிடி முகாம், குளிரில் வேட்டைக்காடு என்று இடம்பெயர்ந்தே வாழ்ந்தவர்கள் அவர்கள். எல்லைக்குள் அடைபடச் சம்மதிக்கவில்லை. அவ்வுரையாடல் எழுத்தில் பதிவாகி இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

விக்கர்ஷாமைக் கொடியவராகச் சித்திரிப்பது என் நோக்கமன்று; வரப்போவதை அவர் மறைக்காமல் எச்சரித்தார் என்றே படுகிறது. ஆயினும், நிலைகொள்ளச் சொன்னவரின் வீடே இடம்பெயர்ந்து இப்பூங்காவுக்கு வந்திருக்கிறது. அதற்கு எதிரே ஊர் ஊராகத் திரிவோரின் வண்டிகள். திரிதல் ஒருவருக்கு ஓய்வுக்கால இன்பமாகவும் மற்றொருவருக்குத் திருத்தப்பட வேண்டிய குறையாகவும் ஆனது எவ்வாறு? அவ்வீட்டைச் சுற்றிப் பார்க்க நுழைபவர் கையில் முதலில் 1915இன் பதிவைத் தர வேண்டும் என்பேன். குடில்தெருவில் ஐஸ்கிரீம் வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.