அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது?

தீபாவளி வாழ்த்துக்கும் சாமி படத்துக்கும் அடுத்தபடியாக நம் குடும்பப் புலனக் குழுக்களில் அதிகம் சுற்றுவது அந்தப் படமாகத்தான் இருக்கும். கணினி முன்னால் ஒரு பையன், பக்கத்தில் அமெரிக்க முத்திரையோடு ஒரு சான்றிதழ், கீழே கொட்டை எழுத்தில் 'மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தமிழர், பகிருங்கள்' என்று ஒரு வரி. எங்கள் கமுந்திங் குழுவில் போன மாதம் பெரியப்பா பகிர்ந்தார். பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "அதெல்லாம் புருடா பெரியப்பா" என்று பதில் போட்டான். பெரியப்பா குழுவை விட்டே வெளியேறிவிட்டார். பெரியம்மா சமாதானம் பேசித் திரும்பச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டு பேருமே அந்தச் சான்றிதழை வாசிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

படத்தில் இருப்பவர் வி.ஏ. சிவா அய்யாதுரை. 1963-இல் பம்பாயில் பிறந்த தமிழர், ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். 1978-இல், 14 வயதில், நியூ ஜெர்சியில் இருந்த ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அலுவலகத்துக்குள் காகிதத்தில் சுற்றும் குறிப்புகளைக் கணினியில் சுற்ற வைக்க வேண்டும். நம் தோட்டத்துக் கிராணிமார்களுக்கு இது நன்றாகப் புரியும். துரைக்கு ஒரு கடிதம், இடையில் கார்பன் தாள், அடியில் இன்னொரு நகல் பெரிய கிராணிக்கு. இன்று நாம் மின்னஞ்சலில் 'சிசி' போடுகிறோமே, அது அந்தக் கார்பன் நகல்தான். அந்த முழு ஏற்பாட்டையும், வந்த கடிதப் பெட்டி, போன கடிதப் பெட்டி, முகவரிப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து, சிவா ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு நிரலாக எழுதினார். அதற்கு 'இமெயில்' என்று பெயர் வைத்தார். 14 வயதில் நம்மில் பலர் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த உழைப்பைப் புருடா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணினி வழியாகக் கடிதம் அனுப்புவது அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1965-இலேயே எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பகிர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் அதில் செய்தி விட்டுப் போனார்கள். 1971-இல் ரே டொம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் கணினிக்கும் நடுவே நாம் போடும் சுழியன் குறி அவர் தேர்ந்தெடுத்தது. யாருக்கு, என்ன பொருள், யாருக்கு நகல் என்ற தலைப்புகளை எப்படி எழுத வேண்டும் என்கிற விதிமுறை 1977 நவம்பரிலேயே ஆவணமாக வந்துவிட்டது. ஆகவே 1978-இல் எழுதிய நிரல் 'முதல் மின்னஞ்சல்' ஆக வழியில்லை என்பதே பெரும்பாலான கணினி வரலாற்றாளர்களின் முடிவு. சிவா தரப்பு இதை ஏற்பதில்லை. அவை வெறும் செய்திப் பரிமாற்றம், அலுவலகக் கடித முறை முழுவதையும் கணினிக்குள் கொண்டுவந்தது தன் நிரல்தான் என்பது அவர் வாதம். இது நீதிமன்றம் வரை போனது. அவர் தொடுத்த அவதூறு வழக்கை 2017-இல் மாசசூசெட்ஸ் கூட்டரசு நீதிபதி தள்ளுபடி செய்தார். மின்னஞ்சல் என்ற சொல்லுக்கு என்ன வரையறை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும் என்றார்.

சரி, அந்தச் சான்றிதழ்?

அது 1982 ஆகஸ்டு 30-ஆம் தேதி பதிவான 'காப்பிரைட்'. பேட்டன்ட் இல்லை. குழப்பத்துக்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். நம் செய்திகளில் இரண்டையுமே 'காப்புரிமை' என்று எழுதிவிடுகிறோம். மலாயில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒன்று 'ஹாக் சிப்தா', மற்றது 'பாத்தேன்', முடிந்தது. இந்தப் பக்கத்தில் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் வைத்துக்கொள்கிறேன்.

வானொலியில் வேலை செய்வதால் எனக்குப் பாட்டு உதாரணம்தான் வரும். மழையைப் பற்றி நீங்கள் ஒரு பாட்டு எழுதினால் அந்தப் பாட்டு உங்களுடையது. மழை உங்களுடையது ஆகாது. நாளைக்கு நான் இன்னொரு மழைப் பாட்டு எழுதலாம், நீங்கள் தடுக்க முடியாது. பதிப்புரிமை அவ்வளவுதான். எழுதியவர் யார் என்று பதிவு செய்யும். அந்த யோசனை உலகில் முதலாவதா என்று எந்த அதிகாரியும் உட்கார்ந்து தேடிப் பார்ப்பதில்லை. காப்புரிமையில்தான் அந்தத் தேடல் நடக்கிறது. இதற்கு முன் எங்காவது வெளியாகியிருக்கிறதா, துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதா என்று பரிசோதகர் ஒருவர் பார்த்த பிறகே கிடைக்கும்.

அப்போது மென்பொருளுக்குக் காப்புரிமையே கிடைக்காதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கா 1980-இல்தான் கணினி நிரலைப் பதிப்புரிமைச் சட்டத்தில் தெளிவாகச் சேர்த்தது. மென்பொருள் கலந்த கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமைக் கதவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கொஞ்சம் திறந்தது 1981-இல். பையன் தன் கைக்கு எட்டிய பத்திரத்தை வாங்கினான், தவறில்லை. ஆனால் வேறு பத்திரம் கிடைக்காததால் இந்தப் பத்திரமே அந்தப் பத்திரமாகிவிடாது.

படத்தைப் பகிரும் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. சிவாவுக்கு உண்மையிலேயே காப்புரிமைகள் இருக்கின்றன! 1993 வாக்கில் அமெரிக்க அதிபர் மாளிகைக்கு மின்னஞ்சல் குவியத் தொடங்கியபோது, அவற்றைக் கணினியே வகை பிரிக்கும் முறைக்காக நடந்த போட்டியில் அவர் வென்றார். அதிலிருந்து 'எக்கோமெயில்' என்ற நிறுவனம் பிறந்தது. வரும் கடிதத்தைக் கணினி படித்து, எழுதியவர் கோபமாக இருக்கிறாரா, பிரச்சினை என்ன, கேட்பது என்ன என்று பிரித்து, உரிய ஆளுக்கு அனுப்பும் முறைக்கு 2004-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. தொலைபேசி நிறுவனத்துக்குப் புகார் எழுதினால் அரை நிமிடத்தில் ஒரு பதில் வருகிறதே, அந்த வகை வேலை. பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட சாதனை இது. 'மின்னஞ்சலை வகை பிரிக்கும் முறை' என்று சொன்னால் பெரியப்பாவின் குழுவில் எடுபடாது, அவ்வளவுதான். பெரிய வார்த்தைக்கு இருக்கும் கவர்ச்சி சரியான வார்த்தைக்கு இல்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நிகழ்ச்சி முடிந்து கிளம்பும் நேரத்தில் கமுந்திங்கிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். நான்காம் படிவம் படிக்கும் மகள் ஒரு கருவி செய்திருக்கிறாள். மழையில் லோங்காங் நீர் ஏறினால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். புத்தாக்கப் போட்டியில் தங்கம் கிடைத்திருக்கிறது. "காப்புரிமையும் எடுத்தாச்சு தம்பி, ஆளு வச்சு பண்ணோம். பத்திரம் கையில இருக்கு. இனிமே யாரும் காப்பி அடிக்க முடியாதில்ல?"

பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஹாக் சிப்தா. 2012 முதல் நம் நாட்டில் பதிப்புரிமையைத் தானாக முன்வந்து அறிவிக்கலாம். அந்த அறிவிப்பின் சான்றுதான் அது. மகள் எழுதிய நிரலை அப்படியே நகலெடுத்தால் உதவும். அதே வேலையைச் செய்யும் கருவியை வேறொருவர் வேறு நிரல் எழுதிச் செய்தால் அந்தக் காகிதம் வாய் திறக்காது.

தங்கப் பதக்கமும் அப்படித்தான். நம் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் வாங்கி வரும் பதக்கங்களைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். விமானச் செலவுக்குப் பெற்றோர் நிதி திரட்டும் பாடும் தெரியும். ஆனால் போட்டிக் கூடத்தில் விளக்கிச் சொல்வது, முகநூலில் காணொளி போடுவது எல்லாமே சட்டத்தின் கண்ணில் 'வெளியிட்டுவிட்டார்' என்று ஆகும். மலேசியச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. விண்ணப்பதாரரே வெளியிட்டது, விண்ணப்பத்துக்கு முந்திய ஓர் ஆண்டுக்குள் என்றால் மன்னிக்கும். ஐரோப்பாவில் பொதுவாக அந்த இரக்கமும் இல்லை.

மறுநாள் மகளோடு பேசினேன். கெட்டிக்காரப் பெண். கூகலின் காப்புரிமைத் தேடலில் இலவசமாகத் தேடிப் பார்க்கச் சொன்னேன். மாலைக்குள் திரும்ப அழைத்தாள், குரல் இறங்கிப் போயிருந்தது. "நிறைய பேர் செஞ்சிருக்காங்கண்ணா." உன்னுடையதில் மட்டும் என்ன வேறு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, இலை தழையும் பிளாஸ்டிக் பையும் வந்து அடைத்தால் மற்றக் கருவிகள் வெள்ளம் என்று பொய் எச்சரிக்கை கொடுத்துவிடும், தன்னுடையது அதைப் பிரித்தறியும் என்றாள். லோங்காங்கை நேரில் பார்த்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும். 'வெள்ள எச்சரிக்கைக் கருவி' என்று கேட்டால் பரிசோதகர் திருப்பி அனுப்புவார். அந்தப் பிரித்தறியும் முறையை மட்டும் கேட்டால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அந்த அளவுக்கு இல்லையென்றால் 'பயன்பாட்டுப் புத்தாக்கம்' என்று இன்னொரு சான்றிதழ் உண்டு, அதற்கு முதலில் 10 ஆண்டு, பிறகு நீட்டிக்கலாம்.

முகநூலில் காணொளி எப்போது போட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். எட்டு மாதம் ஆகிவிட்டது. மிச்சம் நான்கு. இந்த முறை ஆள் வைப்பதற்கு முன், பதிவு பெற்ற காப்புரிமை முகவரா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.