செங்கற் பள்ளிகளைக் காப்போம்

மைசூர் மகாராணி கல்லூரி 1881ஆம் ஆண்டில் பெண்களுக்கான பள்ளியாகத் தொடங்கியது. பெண்கல்வி அரிதாயிருந்த காலத்தில் அது பலருக்குக் கல்விக் கண்ணைத் திறந்தது. பின்னாளில் எழுந்த அதன் அறிவியல் கல்லூரிக் கட்டடம் நூறாண்டு கடந்தது. 2022 அக்டோபரில் பெய்த மழையின்போது அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நல்வேளையாக, உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆனால், 2012இல் அதே நகரின் லான்ஸ்டவுன் கட்டடம் சரிந்தபோது நால்வர் மாண்டனர்.

ஆகவே, பழைய பள்ளிகளை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம் எழுப்புவதே நன்று என்பர் சிலர். பிள்ளைகளின் உயிரைவிடச் சுவர் பெரிதன்று. அவர்களது அச்சம் நியாயமானதே. எனினும், எல்லாவற்றையும் இடிப்பது அதற்குத் தீர்வாகாது.

செங்கற்சுவர் முதுமையால் மட்டும் வீழ்வதில்லை. பெரும்பாலும் நீரால் வீழ்கிறது. மழைநீர்க் குழாய் அடைபட்டால் நீர் சுவருக்குள் இறங்கும். வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காவிட்டால் அதன் வேர் சுவரைப் பிளக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். இவை யாவும் கவனக்குறைவால் விளைவன, கவனத்தால் தவிர்க்கத்தக்கன.

அக்காலப் பள்ளிகளின் அமைப்பும் கருதத்தக்கது. தடித்த சுவர்கள் வெயிலைத் தடுத்தன. உயர்ந்த கூரை வெப்பக் காற்றை மேலேற்றியது. நீண்ட தாழ்வாரம் நிழல் தந்தது. மின்விசிறி இன்றியே வகுப்பறை குளிர்ந்தது. தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைக்கும் தளத்துக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றே பெயர். தமிழகக் கொத்தனார்களுக்கு நன்கு பழகிய அத்தொழில்நுட்பத்தை மைசூரின் பழைய கட்டடங்களிலும் காணலாம்.

எனவே, ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் பழைய பள்ளிகளைப் பொறியாளர் ஆராய வேண்டும். ஐயத்திற்குரிய அறையை அன்றே பூட்ட வேண்டும். செப்பனிடக்கூடியதைச் சுண்ணாம்பு கொண்டே செப்பனிட வேண்டும். செப்பனிட இயலாததை மட்டுமே இடிக்கலாம்.

தமிழக எல்லையை ஒட்டிய கோபிநத்தத்திலிருந்து மைசூரைக் காணச் செல்லும் மாணவர், அரண்மனையை வியப்பதோடு நின்றுவிடலாகாது. பழைய பள்ளியொன்றின் சுவரையும் அண்ணாந்து பார்த்தல் வேண்டும். அதில் செடி முளைத்திருந்தால் பெரியோரிடம் சொல்லுதல் வேண்டும். கட்டடத்தைக் காக்கும் பணி அங்கேயே தொடங்குகிறது.