"லயில்" என்றால் குட்டுவதா?

நெய்வேலி ரயில் நிலையம். மூன்று வயதுக் குழந்தை ஒன்று "அம்மா, லயில்! லயில்!" என்று குதிக்கிறது.

"ரயில் என்று சொல்" என்கிறாள் தாய்.

"லயில்."

"ர... ர... சொல்லு!"

"ல... ல..."

தலையில் நறுக்கென்று ஒரு குட்டு! எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிதான் இது.

குழந்தை செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அதன் நாக்கு "ர"வுக்கு இன்னும் பழகவில்லை. அவ்வளவுதான்.

உதடு முந்தும், நாக்கு பிந்தும்

குழந்தைக்கு முதலில் வருவது உதட்டில் பிறக்கும் ஓசை. உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தால் "அம்மா", "அப்பா" வந்துவிடும். "க" சற்றுப் பிந்தும். காக்காவைப் பார்த்துத் "தாத்தா" என்று கூவும் குழந்தைகள் உண்டு. அதற்காகத் தாத்தா கோபித்துக் கொள்ளக் கூடாது!

"ர" என்று சொல்ல நாக்கு நுனி மேலே தட்ட வேண்டும். "ழ"வுக்கு நாக்கையே மேலே வளைக்க வேண்டும். இவை ஐந்து, ஆறு வயது வரைகூடத் தாமதமாகலாம். மேடையில் முழங்கும் பெரியவர்கள் சிலர் வாயில் இன்றும் "பழம்" என்பது "பளம்" ஆகிறது. அவர்களை யார் குட்டுகிறார்கள்?

ஒரு வயதை ஒட்டி ஓரிரு சொற்கள் வரும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும். மூன்று வயதில் அது பேசுவதில் முக்கால் பங்கு வெளியாருக்கும் புரியும். ஒரு பிள்ளை முந்தும், ஒரு பிள்ளை பிந்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவது வீண் வேலை.

நெய்வேலியில் இன்னொரு பயமும் உண்டு. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. பல ஊர்க்காரர்கள், பல மொழிக்காரர்கள் வேலைக்கு வந்தார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். "இரண்டு மொழி கேட்டால் பேச்சே வராது" என்பார்கள் சிலர். இது தவறு. குழந்தை இரண்டையும் கலந்து பேசும். பிறகு தானே பிரித்துக் கொள்ளும்.

காது கேட்கிறதா?

"போகப் போகச் சரியாகும்" என்ற பேச்சு "லயிலு"க்குப் பொருந்தும். பேசாத பிள்ளைக்குப் பொருந்தாது!

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் "ங்கா" என்று கொஞ்சும். தாய் ஏமாந்து போகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லையா? இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லையா? பேசிய பேச்சு நின்று விட்டதா? உடனே டாக்டரிடம் காட்டிக் காதைச் சோதிக்க வேண்டும். பிறவியில் காது கேளாமை, மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்த குடும்பங்களில் சற்று அதிகம். அவர்கள் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

பாட்டி வசம்பை உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்வாள். அன்பினால்தான் சொல்கிறாள். ஆனால் வசம்பு காதைத் திறக்காது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். ஆறு மாதத்தில் கண்டுபிடித்துக் கருவி மாட்டிய குழந்தைக்கும், நான்கு வயதில் கண்டுபிடித்த குழந்தைக்கும் பேச்சில் பெரிய வேற்றுமை இருக்கும். இழந்த அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

மற்ற பிள்ளைகளுக்கு மருந்து வேண்டாம். "லயில்" என்று பிள்ளை சொன்னால், "ஆமாம் கண்ணு, ரயில் வருது! எவ்வளவு நீள ரயில்!" என்று சொன்னால் போதும். சரியான ஓசை காதில் விழும். அதே மழலையை எல்லோரும் திருப்பிச் சொல்லிச் சிரித்தால், எது சரி என்று அதற்கு எப்படித் தெரியும்?

இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பாக்களுக்கு அலுப்புத்தான். தூங்கி எழுந்த பிறகு, செல்போனைப் பிள்ளையின் கையில் திணிக்காமல், சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தைப் பற்றிக் கதை சொல்லலாமே. பிள்ளை அதை "லாட்சதன்" என்றுதான் சொல்லும். சொல்லட்டுமே!