வளைய ரொட்டியும் வீட்டு ஆடவரும்

ரொட்டி என்றவுடன் நம்மவர் நினைவிலெழுவது காய்ச்சற்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் கடை ரொட்டியே. அதனை வீட்டிற் செய்யலாமென்றால் நகைப்பார் பலர். யாமும் சென்ற கோடை விடுமுறை வரையில் நகைத்தே வந்தோம்.

யாம் ஈண்டுக் கூறப்புகுவது பேகல் என்னும் வளைய ரொட்டியை. இது போலந்து நாட்டு யூதரிடை வழங்கியது. கிராக்கோ நகரத்து யூத சமூகத்தாரின் 1610-ஆம் ஆண்டு விதிகளில் இதன் பெயர் காணப்படுகின்றது. குடியேறினோருடன் அமெரிக்கா சென்று நியூயார்க்கு மாந்தரின் காலையுணவாயிற்று. இதற்கு வேண்டுவன மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் என நான்கே. பாலில்லை, முட்டையில்லை. சுடுமுன் கொதிநீரில் இடுதலே இதன் சிறப்பு. கொதிநீர் பட்டவுடன் மேற்புறத்து மாச்சத்து கூழாகிப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். அதனால் மேலே பளபளத்த தோலும் உள்ளே இறுகிய சதையும் அமையும்.

விருதுநகர்ப் பக்கத்தார்க்கு மைதா புதிதன்று. எண்ணெயிற் பொரித்த பரோட்டாவால் அந்நகர் பெயர் பெற்றுள்ளது. அதற்கும் பொருள்கள் சிலவே; ஆயினும் அது கடைக்காரர் கைத்திறம், சுடச்சுட உண்ணும் இரவுணவு. கடையில் வாங்கியுண்பதை இக்காலத்துக் கேடென்று பழிப்பாருமுளர். அப்பம் விற்ற கூவியரை மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் கூறுதலை அவர் மறந்தனர் போலும்.

எமக்கு வேண்டுவதோ காலையுணவு. எம்மூர் ஆலங்குளம், தென்காசி மாவட்டத்ததன்று, சிமெண்டு ஆலையாற் பெயர் பெற்ற விருதுநகர் மாவட்டத்தது. இப்பக்கத்துத் தாய்மார் பலர் விடியுமுன் எழுந்து சமைத்துவைத்துப் பட்டாசு ஆலை வேனில் ஏறிவிடுவர். தோசைமாவு தீர்ந்த நாளில் பிள்ளைக்குத் தேநீர்க்கடை வடையே கதி. அரசினர் 2022-இல் தொடங்கிய காலையுணவுத் திட்டமும் 1 முதல் 5 வரையுள்ள வகுப்பினர்க்கென ஏற்பட்டதே. எம் தம்பியோ எட்டாம் வகுப்பினன். ஆதலின் இரண்டு நாள் கெடாதிருக்கும் ஓருணவு வீட்டிலிருத்தல் நலமென எண்ணினோம்.

செய்முறை வருமாறு. அரைக்கிலோ மாவுக்கு நீர் 280 மில்லி, உப்பு 2 தேக்கரண்டி, உலர்ந்த ஈஸ்ட் 1½ தேக்கரண்டி. பத்து நிமிடத்திற்குக் குறையாது பிசைந்து, இருமடங்காகப் பொங்கியபின் எட்டு உருண்டையாக்கி, நடுவே விரலால் துளையிட்டு, சற்றுப் பொறுத்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுக்க வேண்டும். அந்நீரிற் சிறிது கருப்பட்டி கரைத்தால் நிறம் நன்கு ஏறும். சுடும் அடுப்பில்லையே எனின், கனத்த இரும்புச் சட்டியில் மணல் பரப்பிக் காயவைத்து, உள்ளே தட்டை உயர்த்தி வைத்து மூடி அரைமணி நேரம் சுடலாம். மேற்புறம் வெளிறியிருப்பின் தோசைக்கல்லிற் புரட்டுக. எரிவாயு சிறிது மிகுதியாகவே செல்லும், அதனை மறைக்கமாட்டோம். முதல் முறை யாம் மாவைப் பொங்கவிடாது அவசரப்பட்டமையின், விளைந்தவை அம்மிக்கல்லுக்குத் துணையாயின.

மைதா உடலுக்காகாது என்பார் கோதுமை மாவைப் பாதி கலக்கலாம். எங்கள் கரிசற் கம்பிலும் சோளத்திலும் முயன்றோம். பசைச்சத்து இன்மையால் வளையம் நில்லாது உடைந்தது.

இவையெல்லாம் எளியனவே. அரியது வேறு. இம்முறையை யாம் மகிழ்ந்து விளக்கியபொழுது எம் அன்னையார், “இதுவும் என் தலையிலா?” என்றார். விடை கூற நாவெழவில்லை. சில பொருளிலே செய்யும் உணவென்று ஏடுகள் புகழ்வனவெல்லாம் பிசையும் கையைப் பொருள்களுள் எண்ணுவதில்லை. பகலெல்லாம் ஆலையில் உழைத்த கைக்கு இன்னுமொரு வேலையைச் சேர்ப்பதாயின் இவ்வுணவு வேண்டாவென்பதே எம் கருத்து. பிசைதற்குத் தோள்வலி வேண்டும். அஃது விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்க்கும், தறுவாயில் உறங்கும் தமையன்மார்க்கும் உண்டு.

அதன்பின் ஞாயிறு மாலைதோறும் யாம் பிசைந்தோம்; தம்பி துளையிட்டான். அன்னையார் திண்ணையில் அமர்ந்து குறை கூறிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேன் ஏறுமுன் தம் தூக்குச்சட்டியில் இரண்டைக் கேளாமலே எடுத்துவைத்துக் கொண்டார்.