15 வயதைத் தொட்ட டர்போ செடான்: முதலில் ரீமேப்பா, ரப்பர் ஹோஸா? வீட்டிலேயே வேலை பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, ஃபியட் லினியா டி-ஜெட். 2010, 2011 வாக்கில் இந்த டர்போ பெட்ரோல் செடான் கார்களைப் புதிதாக வாங்கியவர்கள் பலர் எப்போதோ கைமாற்றிவிட்டார்கள். இப்போது அவை இரண்டாவது, மூன்றாவது ஓனர்களிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு முன்பே, 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 20 வயதையும் தாண்டிவிட்டது.

பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனால் பில் கையைக் கடிக்கும். ஃபியட் என்றால் கம்பெனியே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, ஸ்பேனர் பிடித்து, தானே வேலை பார்க்கும் ஓனர்கள் ஒரு தனி ரகமாகவே உருவாகியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் இருக்கும் ஆசை ஒன்றுதான்: வண்டிக்கு ஒரு ரீமேப் போட்டு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திப் பார்க்கணும்!

ஆசையில் தப்பில்லை. ஆனால், எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்கிற வரிசை மாறினால் இன்ஜினே காலி.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன.

ஒன்று, ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பிறகு தகுதிச் சோதனையில் தேறி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் 600 ரூபாயாக இருந்த கார் ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. டெல்லியைப் போல பழைய கார் என்பதற்காகவே ஓட்டக் கூடாது என்ற வயது வரம்பு இங்கே இல்லை. ஆனால் சோதனைக்குப் போகும் வண்டி ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, இ20 பெட்ரோல். அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இப்போது பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது இதுதான். 2010-ல் வடிவமைக்கப்பட்ட கார் இந்தப் பெட்ரோலை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது இல்லை.

டர்போ என்பது என்ன வேலை பார்க்கிறது?

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவதுதான் டர்போ. காற்று அதிகம் என்றால் பெட்ரோலும் அதிகம் எரியலாம், சின்ன இன்ஜினிலேயே பெரிய பவர் கிடைக்கும். ஆக்டேவியா ஆர்எஸ் காரின் 1.8 லிட்டர் இன்ஜின் 150 குதிரைத்திறன் கொடுத்தது இப்படித்தான்.

அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஒரு பக்கம் தீ மாதிரி புகை, நடுவில் ஆயில். அந்த ஆயில் பழசாகிக் கருகினால் கசடாக மாறி, ஆயில் போகும் வழியையே அடைத்துவிடும். அமெரிக்காவில் இதே 1.8 டர்போ குடும்ப இன்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் பஸாட், ஆடி ஏ4 கார்களில் ஆயில் கசடுப் புகார்கள் குவிந்து, 2004-ல் நிறுவனம் வாரன்டியை 8 ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டியதாயிற்று.

எனவே வீட்டில் பார்க்கும் வேலைகளில் முதலிடம் ஆயிலுக்குத்தான். கம்பெனி மேனுவலில் சொன்ன தரத்திலேயே ஆயில் ஊற்ற வேண்டும். ஸ்கோடா 1.8 டர்போ என்றால் டப்பாவில் ஃபோக்ஸ்வாகன் 502.00 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்கணும். வெறும் 5டபிள்யூ-40 என்று மட்டும் இருந்தால் போதாது. கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல், பழைய டர்போவுக்கு முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. ஆயில் ஃபில்டர் காசு மிச்சம் பிடிக்கும் இடமே இல்லை. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டாம், அது அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

"வண்டி முன்ன மாதிரி இழுக்கல"

பழைய டர்போ கார் ஓனர்கள் அதிகம் சொல்லும் வரி இதுதான். இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். பிக்கப் குறைந்துவிட்டது, ரீமேப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பல நேரங்களில் பவர் போயிருப்பது ஒரு கிழிந்த ரப்பரில்!

டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் என்று காற்று போகும் பாதை முழுக்க ஹோஸ், கிளாம்ப், ஓரிங். 15 வருஷம் சென்னை வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் கிடந்த ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிவது 1.8 டர்போவில் ஊரறிந்த கதை. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத வேக்கம் குழாய் ஒன்று விரிசல் விட்டாலும் ஐடிலிங் ஆடும், மைலேஜ் விழும்.

காற்று கசியும்போது டர்போ சும்மா இருப்பதில்லை. கேட்ட அழுத்தம் வரவில்லையே என்று கம்ப்யூட்டர் அதை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். அந்த நிலையில் ரீமேப்பும் போட்டால், ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்க மோட்டாரைப் பெரிதாக்கிய கதைதான்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டர்போவின் காற்று நுழையும் வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் இருந்து மெதுவாக அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கணும், ஒரு பார் அளவைத் தாண்டவே கூடாது. மூடி பிய்த்துக்கொண்டு வரலாம் என்பதால் முகத்தை நேரே வைக்காதீர்கள். கூடவே ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டால், எச்சரிக்கை விளக்கு எரியும்போது சென்சாரா, இக்னிஷன் காயிலா என்று ஊகிக்காமல் பார்க்கலாம்.

பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், ஆடி மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் பல பாகங்களின் எண் ஒன்றுதான். எண்ணை வைத்துத் தேடினால், ஸ்கோடா பெயரில் கிடைக்காதது ஃபோக்ஸ்வாகன் பெயரில் கிடைக்கும். சென்னையில் ஜிபி ரோடு, புதுப்பேட்டை இரண்டையும் சுற்றாத பழைய கார் ஓனர் இருக்க மாட்டார். ஆனால் டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், பிரேக் பாகங்கள் மட்டும் பழசு வாங்கவே கூடாது. ஆக்டேவியா ஆர்எஸ், லினியா டி-ஜெட் இரண்டிலும் பெல்ட்தான். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். லாராவில் செயின், அதிலும் டென்ஷனரைக் கவனிக்க வேண்டும். இந்த வேலையை முதல்முறையாக வீட்டில் முயற்சி செய்து பழகுவது சரியான யோசனை இல்லை.

காருக்கு அடியில் போகும்முன் ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தால் உயிருக்கே ஆபத்து.

இ20 வந்ததால் என்ன மாறுகிறது?

பழைய வாகனங்கள் பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்பதே மத்திய அரசின் நிலைப்பாடு. 2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்தில், இ20-க்கு ஏற்றபடி அமைக்கப்படாத கார்களில் மைலேஜ் சுமார் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று ஒப்புக்கொண்டது. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குச் செலவு குறைவு என்றும் சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது.

ஆக, எரிபொருள் செல்லும் ஹோஸ், ஓரிங், ஃபில்டர் மூன்றையும் பழைய டர்போ ஓனர் முன்கூட்டியே மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது சாதாரண கசிவு கிடையாது.

ஒரு சுவாரஸ்யம்: எத்தனால் டர்போவுக்கு எதிரி இல்லை. அதன் ஆக்டேன் அளவு அதிகம். இ20-ல் ஆக்டேன் 95 என்கிறது அமைச்சகம். நாக்கிங் குறைய இது உதவும். சிக்கல் அளவில்தான் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுடன் ஒப்பிட்டால், அதே காற்றுக்கு இ20 சுமார் 8 முதல் 9 சதவீதம் கூடுதலாகத் தேவை. நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல பழைய கார்களில் அந்தச் சென்சாரின் பேச்சை கம்ப்யூட்டர் கேட்பதில்லை, ஏற்கெனவே எழுதிவைத்த கணக்குப்படிதான் போகும்.

ரீமேப் செய்வது அந்தக் கணக்கைத்தான். 150 குதிரைத்திறன் இன்ஜினை சுமார் 180, 190 என்று ஏற்றுவார்கள். அதற்குக் காற்றும் அதிகம், பெட்ரோலும் அதிகம். அதன்மேல் இ20 கேட்கும் கூடுதல் பெட்ரோல் வேறு. 15 வருஷப் பழைய பெட்ரோல் பம்ப்பும் அழுக்கடைந்த இன்ஜெக்டரும் இவ்வளவையும் ஊற்ற முடியாமல் போனால், சிலிண்டருக்குள் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்ற நிலை வரும். வெப்பம் எகிறும், நாக்கிங் தொடங்கும், பிஸ்டன் உருகும்வரை போகலாம். சில வருஷம் முன்பு சாதாரண பெட்ரோலுக்காக எழுதிய ரீமேப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார்களும் இந்தப் பட்டியலில் உண்டு. அதைப் போட்டுக்கொடுத்தவரிடமே போய், இ20-ல் ஓட்டி, காற்று எரிபொருள் விகிதத்தை அளந்து பார்க்கச் சொல்வது அவசியம்.

சட்டம் எதை விடும், எதை விடாது?

ஆயில் மாற்றுவது, ஹோஸ் மாற்றுவது, கம்பெனி தரத்தில் பிரேக் பேட் போடுவது எல்லாம் பராமரிப்பு. வீட்டில் செய்ய யாரும் தடை சொல்ல முடியாது.

மாடிஃபிகேஷன் என்று வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

52-வது பிரிவில் ரீமேப் என்ற சொல் கிடையாது. அதனால் அது முழுக்கப் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதை நம்பிவிட வேண்டாம். வண்டியைப் பதிவு செய்யும் படிவமே குதிரைத்திறனைக் கேட்கிறது. சைலன்சரில் சந்தேகத்துக்கே இடமில்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, சத்தம் போடும் குழாய் மாட்டினால் 190-வது பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும்.

இன்ஷூரன்ஸ் பக்கமும் பார்க்கணும். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்தின்போது சொந்த வண்டிக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். பாலிசி புதுப்பிக்கும்போதே எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 5 வயதைத் தாண்டிய காரின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் ஓனரும் பேசி முடிவு செய்வது. அதைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆர்சி புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு...

காலாவதியாகும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். ஹோஸ், பிரேக், லைட், புகைப் பரிசோதனை எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்து, கழற்றி வைத்த ஒரிஜினல் சைலன்சர் வீட்டில் கிடந்தால் அதையும் மாட்டிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போவது நல்லது. ரீமேப் ஆசை இருந்தால் அதை ஆர்சி கையில் வந்தபிறகு யோசிக்கலாம். அதற்குள் புது ஹோஸும் சரியான டைவர்ட்டர் வால்வும் போட்ட வண்டி எவ்வளவு இழுக்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.