கடை இங்கே, வாக்கு அங்கே

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது களியக்காவிளை சென்னை மாநிலத்துடன் இணைந்தது; பாறசாலை கேரளத்தில் நின்றது. வணிகம் அவ்வெல்லையைப் பொருட்படுத்தவில்லை. தமிழகப் பக்கம் குடியிருந்து பாறசாலையில் கடை நடத்துவோர் உளர். உரிமக் கட்டணம் செலுத்துவது பாறசாலை ஊராட்சிக்கு. வாக்குரிமையோ எல்லைக்கு அப்பால்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டப்படி, நெய்யாற்றின்கரை போன்ற நகராட்சிகளின் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள், வணிகர் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு உரியவை. வணிகர் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் அதில் இடமுண்டு. கிராம ஊராட்சியான பாறசாலைக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கே மக்கள் மன்றம் கிராம சபையே. வார்டின் வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள். சந்தை, வடிகால், வாகன நிறுத்தம் ஆகியவை விவாதிக்கப்படும்போது எல்லை கடந்து வரும் வணிகருக்கு முறையான இருக்கை இல்லை.

எல்லையோர ஊராட்சிகள் தம் தீர்மானத்தின் வழியே வணிகர் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்பது எமது கருத்து. வாக்கன்று, கடை உரிமமே உறுப்பினர் தகுதியாகட்டும். கிராம சபையைப் போலவே மூன்று மாதங்களுக்கொரு முறை அது கூடட்டும். முடிவுகள் எழுத்தில் பதிவாகட்டும். நாளை கடை எங்கே இருக்கும் என்று அறியாதவர் கடன் பெறவும் தயங்குவார். கலந்து பேசப்பட்டவரே துணிந்து முதலிடுவார்.