பாரமும் பழியும்

காவிரியினின்று குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியை நம் கல்லூரி மாணாக்கருள் பலர் நன்கறிவர். பூதலூரிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் கல்லணைப் பக்கமிருந்தும் வரும் சாலைகள் அவ்வூரிற் கூடுகின்றன. வாய்க்கால்களையும் மதகுகளையும் கடந்து, ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து செல்லும் அச்சாலைகளின் வழியே கொள்முதல் நிலையத்து நெல்மூட்டையும், வாழைத்தாரும், வைக்கோலும், செங்கலும், மணலும் நாள்தோறும் லாரிகளிற் செல்கின்றன. உழவன் விளைத்தது சந்தையை அடைவதும், நம் வீட்டுச் சுவர் எழும்புவதும் இவ்வண்டிகளால் அன்றோ?

இவற்றுட் சில, தமக்கென விதித்த அளவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமந்து செல்கின்றன என்பது யாவரும் அறிந்த செய்தி. ஓவர்லோடு என்று தொழிலிலுள்ளோர் வழங்கும் இம்மிகைப் பாரத்தைப்பற்றிப் பேசப் புகுவோர், லாரியோட்டியைக் குறைகூறிய அளவில் நின்றுவிடுகின்றனர். பாரத்தை ஏற்றச் சொன்னவர் ஒருவர். அதனால் ஆதாயம் பெறுபவர் மற்றொருவர். நடுவழியில் மறிக்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்பவரோ மூன்றாமவர். இம்மூவருள் பழி யாரைச் சேர்தல் முறை என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் ஒன்றை உணர்தல் வேண்டும். பாரத்தைக் கண்ணால் அளந்துவிடலாம் என்று எண்ணுவது பிழை. வைக்கோல் ஏற்றிய லாரி இருமருங்கும் பிதுங்கிச் சாலையை அடைத்துக்கொண்டு வருங்கால் நாம் அஞ்சி ஒதுங்குகிறோம். அகலத்தாலும் உயரத்தாலும் அது இடர் விளைப்பது மெய்யே. ஆயினும் அதன் எடை பெரிதன்று. தார்ப்பாய் போர்த்து அடக்கமாகச் செல்லும் மணல் லாரியோ, பார்வைக்கு ஒரு குறையுமின்றி, அளவுக்கு மேல் ஐந்தாறு டன் சுமந்து செல்லக்கூடும். மணலை நம் ஊரார் யூனிட் கணக்கில் வாங்குகின்றனர். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. அஃது இடத்தின் அளவேயன்றி எடையின் அளவன்று. உலர்ந்த மணல் யூனிட்டுக்கு ஏறத்தாழ நாலரை டன் நிற்கும். ஆற்றுநீர் சொட்டச் சொட்ட அள்ளியதாயின் ஐந்து டன்னையும் கடந்துவிடும். நான்கு யூனிட் ஏற்றிய வண்டியில் இவ்வீரம் ஒன்றே இரண்டு டன்னுக்கு மேல் கூட்டிவிடும். நெல்லின் கணக்கும் இத்தகையதே. நாற்பது கிலோ மூட்டை இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு டன். போகிற வண்டிதானே, இன்னும் ஐம்பது மூட்டை போடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இரண்டு டன் ஏறிவிட்டது. சொன்னவருக்கு அது ஒரு வார்த்தை. ஓட்டுபவனுக்கோ வழிமுழுதும் முதுகின்மேல் நிற்கும் சுமை.

அச்சுமை செய்யும் கேடுகள் பல. ஒரே வேகத்திற் செல்லும் இரண்டு வண்டிகளுள் பாரம் மிக்கதை நிறுத்துவதற்குப் பிரேக்கு செய்யவேண்டிய வேலையும் அந்த அளவுக்கு மிகும். டயர் சூடேறி வெடிக்கும், பட்டை முறியும், வளைவில் வண்டி சாயும். கரைமேற் செல்லும் குறுகிய சாலையில் சாயும் வண்டிக்கு ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல்.

சாலைக்கு வரும் சேதமோ நாம் நினைப்பதினும் பன்மடங்கு பெரிது. அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாகாணத்து ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரையில் ஒரு பெருஞ்சோதனை நிகழ்ந்தது. தனியே சாலைகள் அமைத்து, வெவ்வேறு பாரமுடைய லாரிகளை இடைவிடாது ஓட்டி, சாலை தேயும் விதத்தைப் பொறியியலறிஞர் அளந்தனர். அச்சின்மேல் விழும் பாரத்தின் ஏறக்குறைய நான்காம் மடிக்கு ஒப்பச் சேதம் வளர்கிறது என்பது அவர் கண்ட முடிபு. பாரம் ஐந்தில் ஒரு பங்கு மிகுந்தால் சேதம் இரு மடங்கு. பாரமே இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. ஓர் அதிகப்படி டன்னால் முதலாளி அடையும் இலாபம் கூட்டற் கணக்கில் ஏறுகிறது. ஊரார் சாலைக்கு நேரும் நஷ்டம் பெருக்கற் கணக்கில் ஏறுகிறது. களிமண் நிலத்தின்மேல் இட்ட நம் டெல்டாச் சாலைகள், மழைக்காலத்தில் அடிநிலம் இளகி நிற்கையில், இப்பெருக்கத்தை எங்ஙனம் தாங்கும்?

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுக்குரிய பாரத்தை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு வண்டியும் சுமையும் சேர்ந்து 16.2 டன்னாக இருந்த எல்லை 18.5 டன்னாயிற்று, மூன்று அச்சு லாரிக்கு 25 டன் 28.5 டன்னாயிற்று. எல்லையை உயர்த்துவதனால் மீறுவதற்கான ஆசை அடங்கிவிடுவதில்லை. எல்லை எங்கிருப்பினும் அதற்கு அப்பால் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் ஆதாயமே. ஆகவே அடுத்த ஆண்டு, 2019-இல், தண்டம் கடுமையாக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி மிகைப் பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். ஐந்து டன் மிகுந்த வண்டிக்கு 30,000 ரூபாய் ஆகிறது. எடை பார்ப்பதற்கு வண்டியை நிறுத்த மறுக்கும் ஓட்டுநருக்கு 40,000 ரூபாய்.

இத்தொகைகளை லாரியோட்டியின் நிலையோடு வைத்து எண்ணுக. நடைக்கு இவ்வளவு என்ற கூலியும், வழிச்செலவுக்குப் பேட்டாவும் பெற்று வாழ்பவன் அவன். பாரம் ஏற்றுமிடத்தில் அவன் சொல் எடுபடுவதில்லை. மூட்டையை அடுக்குவோர் அவன் ஆட்களல்லர். ரசீது எழுதுபவர் அவனைக் கேட்டு எழுதுவதில்லை. இவ்வளவு ஏற்றினால் வண்டி தாங்காது என்று அவன் சொன்னால், தாங்குகிற ஆளை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்ற விடை வரும் என்பதை அவன் அறிவான். ஆகலின் வாய்மூடி ஏறி உட்காருகிறான். வழியில் பிரேக் இன்ஸ்பெக்டர் கைகாட்டினால் நிற்பவன் அவன். விபத்து நேர்ந்தால் ஊரார் சூழ்ந்துகொள்வதும் அவனையே. ஏற்றச் சொன்னவர் அவ்வேளையில் நெடுந்தொலைவில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்ன சொல்லுக்குச் சாட்சி இல்லை.

முதலாளிமாரெல்லாரும் கொடியவர் என்று நாம் கூறவில்லை. ஒற்றை லாரியைக் கடனுக்கு வாங்கித் தவணை கட்டத் தவிக்கும் சிறு முதலாளிகள் நம் நாட்டில் மிகப் பலர். டீசல் விலையும், இன்ஷூரன்சும், சுங்கக் கட்டணமும், டயர் விலையும் ஏறும். வாடகையோ போட்டியினால் ஏறுவதில்லை. ஒரு நடைக்குரிய செலவு ஏற்குறையக் கட்டாயச் செலவு; அளவோடு ஏற்றியவன் அச்செலவைக் கழித்தால் மிச்சம் காண்பது அரிது. அடுத்தவன் ஐந்து டன் கூட்டி ஏற்றி, டன்னுக்கு வாடகையைக் குறைத்துக் கேட்கும்போது, நேர்மையாளன் சந்தையினின்று வெளியேற நேரிடுகிறது. இக்காரணம்பற்றியே, சுமை ஏற்றுமிடத்திலேயே மிகைப் பாரத்தைத் தடுக்கவேண்டும் என்று லாரி உரிமையாளர் சங்கத்தாரே கோரி வந்திருக்கின்றனர். ஒருவன் மட்டும் நல்லவனாயிருத்தல் இயலாத தொழிலில், எல்லாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் விதி ஒன்றே நல்லவனைக் காக்கும்.

அத்தகைய விதி நம்மிடம் இல்லாமலில்லை. 194-ஆம் பிரிவு ஓட்டுபவனை மட்டும் குறிப்பதன்று. ஓட்டுமாறு செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிக்கின்றது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு, இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. வண்டியை ஓட்டியவன் அதன் உடைமையாளன் அல்லனாயின், அக்குற்றம் உடைமையாளரின் அறிவுடனோ ஆணையினாலோ நிகழ்ந்ததென்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. பழி எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டமியற்றியோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், அபராதம் செலுத்தியதனாலேயே மிகைப் பாரத்தோடு மேற்செல்லும் உரிமை பிறவாது. அதிகச் சுமையை இறக்கிய பின்னரே வண்டி நகரவேண்டும் என்று தெளிவுறுத்தியது. அபராதத்தைத் தொழிற்செலவில் ஒன்றாக எழுதிக்கொள்ளும் வழக்கத்திற்கு அத்தீர்ப்பு இடங்கொடுக்கவில்லை. சட்டம் இவ்வாறிருந்தும், சாலையோரத்திற் கைக்கெட்டுபவன் ஓட்டுநன் ஒருவனேயாதலின், அவனைப் பிடிப்பதோடு கடமை முடிந்ததென்று விடுவது எளிதாயிருக்கின்றது.

கடலில் இக்கேடு ஒருகாலத்தில் இருந்ததையும், அது தணிந்த வரலாற்றையும் நம் மாணாக்கர் அறிதல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டுக் கப்பல் முதலாளிகளுட் சிலர், பழுதான கலங்களில் அளவிறந்த சரக்கை ஏற்றி அனுப்பினர். கலம் மூழ்கினாலும் இன்ஷூரன்சுப் பணம் அவர்க்குண்டு. ஏற மறுத்த மாலுமிகளோ ஒப்பந்தம் மீறினரென்று சிறையிலிடப்பட்டனர். நிலக்கரி வணிகராயிருந்து பார்லிமெண்டு அங்கத்தினரான சாமுவேல் பிளிம்சால் என்பவர் 1873-இல் இதனைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டு, நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினார். 1876-இல் பாரக்கோடு கட்டாயமாயிற்று. ஆயினும் அக்கோட்டைத் தாம் விரும்பிய இடத்தில் வரைந்துகொள்ளும் உரிமை முதலாளிகளிடமே இருந்தது. 1890-இல் அவ்வுரிமை நீங்கி, கோட்டின் இடத்தைச் சட்டமே வரையறுத்த பின்னர்தான் அது பயன் தந்தது. துறைமுகத்தில் நிற்கும் எவரும் கோடு நீரில் மூழ்கியதா என்று கண்ணாற் காணலாம். மாலுமியின் வாய்ச்சொல்லுக்குத் தேவையில்லை. லாரிக்கு அத்தகைய கோடு இல்லை. எடைமேடைச் சீட்டு ஒன்றே அதற்குக் கோடு. அச்சீட்டு வழியிற் பிடிபட்டபின் எழுதப்படுவதாயின் அது தண்டனைச் சீட்டு. ஏற்றுமிடத்திலேயே எழுதப்படுவதாயின் அது காவற்சீட்டு.

நம் காலத்தில் ஆஸ்திரேலிய நாட்டின் பெரும்பாலான மாகாணங்கள் 2014 முதல் மேற்கொண்டு வரும் கனரக வாகனச் சட்டமும் இந்நெறியையே பற்றியது. சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், கால அட்டவணை வகுப்பவர், வண்டியை நடத்துபவர் ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குப் பொறுப்பாவர் என்று அது விதிக்கின்றது. சங்கிலியின் கடைசிக் கண்ணியைமட்டும் பிடித்து இழுப்பதில்லை.

பிற நாட்டாரிடம் போய்க் கற்கவேண்டிய புதுமையும் அன்று இது. மென்மையான மயிற்பீலியும் அளவுகடந்தால் வண்டியின் அச்சை ஒடிக்கும் என்ற உண்மையை வள்ளுவர் எங்கே வைத்தார்? அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். வண்டியோட்டிக்குக் கூறிய அறிவுரையாக அதனை அவர் அமைக்கவில்லை. ஆணையிடும் நிலையிலுள்ளவன் தாங்குவதன் வலியை அறிந்து ஆணையிடவேண்டும் என்பதே அங்குள்ள நீதி. அச்சு முறிந்தால், ஏற்றுவித்தவனின் அறிவில் குறை.

ஆகலின் நாம் வேண்டுவன இவை. மணல் எடுக்கும் துறையிலும், கொள்முதல் நிலையத்திலும், சூளையிலும், ஆலையிலும் எடைமேடைச் சீட்டின்றி எவ்வண்டியும் வெளிச்செல்லலாகாது; ஏற்றுவித்தவர் அச்சீட்டிற் கையொப்பமிடவேண்டும். மிகைப் பாரம் பிடிபடுமிடத்து, 113-ஆம் பிரிவு காட்டிய வழியே உடைமையாளரையும், சரக்கை அனுப்பியவரையும் முதலில் வினவவேண்டும். அளவுக்கு மேல் ஏற்றிய வண்டியை ஓட்ட மறுப்பவனுக்கு அன்றைய கூலியும் மறுநாள் வேலையும் குறையாதிருக்க உறுதி வேண்டும். இம்மூன்றனுள் கடைசியதே தலையாயது. மறுக்கும் உரிமை இல்லாதவனைக் குற்றவாளி என்பது நீதியாகாது.

இதில் நம் பங்கும் உண்டு. வீடு கட்டுங்கால், அதே வாடகைக்கு அரை யூனிட் கூடக் கொண்டுவருபவனே கெட்டிக்காரன் என்று மெச்சுகிறோம். பின்பு மதகு பிளந்ததென்றும், சாலை குழியாயிற்றென்றும் மனு எழுதுகிறோம். அக்குழியை வெட்டியதில் நம் அரை யூனிட்டுக்கும் பங்குண்டென்பதை நினைப்பதில்லை.

நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணாக்கர் பெரும்பாலும் லாரி ஓட்டப்போகிறவரல்லர். ஆலையின் கணக்கராகவும், கம்பெனி நிர்வாகியாகவும், என்ஜினீயராகவும், அரசாங்க உத்தியோகஸ்தராகவும் அமர்ந்து, இன்னும் ஐம்பது மூட்டை போடு என்று சொல்லவோ, போதும் நிறுத்து என்று சொல்லவோ வல்ல இடங்களை அடையப்போகிறவர்கள். அவ்விடத்தை அடைந்த நாளில், அவர்தம் வாய்ச்சொல் எத்தனை டன் நிற்கும் என்று எண்ணிப் பார்த்துப் பேசுவாராக. ஏற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ, இறக்கும் கடமையும் அவரிடமே உள்ளது.